என் வண்டியின் வால்வைக் கட்டிப்போட்டது யார்?

ஆங்கரேஜ் நகரத்தில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என் மகளும், காலஞ்சென்ற என் தாயாரின் பெயரைச் சுமப்பதால் எனக்குத் தாயாருமான மத்ரோனாவுக்கு, குஸ்கோக்விம் ஆற்றங்கரையிலிருந்து உன் அப்பாவும், அந்த வகையில் உன் பிள்ளையுமான வாசிலி வணங்கி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. வணக்கம் அம்மாவுக்கு, ஆசீர்வாதம் மகளுக்கு. பிரித்து எடுத்துக்கொள்.

இங்கே ஆறு கெட்டியாக உறைந்திருக்கிறது. விறகு போதுமான அளவு இல்லை. முழங்கால் தவிர எனக்கு எல்லாம் சுகம். உன் அம்மாவும் சுகம்தான். சந்தேகப்படும் அளவுக்குச் சுகம். வீட்டுக்குள்ளேயே இருக்கிறவளுக்குக் கன்னம் எப்படிச் சிவக்கும்? சிவந்திருக்கிறது. வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மீன் அறுக்கிறாள். உடம்பு சரியில்லாமல் இருப்பது பனிவண்டிக்குத்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதை ஒரு வார்த்தை விடாமல் நானே எழுதுகிறேன். எழுபத்தோராவது வயதில் பேனா பிடித்தவன் என்பதால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் போகிறது. அதனால் இந்தக் கடிதத்தில் ஒரு பக்கத்தில் பனி கொட்டும், அடுத்த பக்கத்தில் வெயில் அடிக்கும், குழம்பாதே. தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். தொலைபேசி சமையலறைச் சுவரில் இருக்கிறது. சமையலறையில் உன் அம்மா ஒலிங்கா இருக்கிறாள். நான் எழுதப்போவது அவளைப் பற்றியும், என் அத்தை மகன் பவிலாவைப் பற்றியும். இப்போது புரிந்திருக்கும்.

முதலில் உன் கடிதத்துக்கு நன்றி. கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை வீடு வீடாகச் சுமந்து பாடிய வாரம் முடிந்து, எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்த நேரத்தில் அது வந்தது. என் வாழ்க்கையில் வேறு யாரும் வாசித்துக் காட்டாமல் நானாகப் படித்த முதல் கடிதம் அதுதான். முதல் வார்த்தை ‘அப்பா’. அதைப் படித்த சந்தோஷத்தில் அரை நாள் அதற்கு மேல் போகவே இல்லை. பிறகு மெதுவாக மீதியைப் படித்தேன். போன குளிர்காலத்தில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுபோய் நான் வெட்டவெளியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்ததையும், ஊரே தேடிவந்ததையும் எழுதி, இனி ஒரே ஒரு தடவை வண்டி உங்களைத் தனியாக வெளியில் நிறுத்திவிட்டால், வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரிடம், அதாவது பவிலா மாமாவிடம், கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். இரண்டு நாள் ஆயிற்று படிக்க. ஆனாலும் மகளே, தனியாக உட்கார்ந்து திட்டு வாங்குவதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. வேண்டிய இடத்தில் நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி விட்ட இடத்திலிருந்து திட்டு வாங்கலாம்.

மகள் சொன்னால் தட்டிக்கழித்திருப்பேன். தாயார் பெயரைச் சுமக்கிறவள் சொன்னால் எப்படித் தட்டுவது? ஆகவே ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒன்று உனக்குத் தெரியும். இந்த ஊரில் சொந்த வண்டி இல்லாதவன், அடுத்தவன் வண்டிக்குப் பின்னால் கட்டிய மரச் சறுக்கில், உறைந்த மீன் மூட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு மூட்டையாக உட்கார்ந்து போகவேண்டியதுதான். அதுவும் பவிலா ஓட்ட, பின்னால் நான் மூட்டையாக! அவன் எனக்கு அத்தை மகன். என்னைக் கேலி செய்வதற்கென்றே பிறந்தவன். நான் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். அவன் சொல்வதை நம்பக் கூடாது என்பது அனுபவம்.

இனி நடந்ததைக் கேள். உன் கடிதத்தைப் படித்து முடித்த மூன்றாம் நாள் வண்டியை எடுத்தேன். எழுபது மைல் வேகத்தில் போகிற வண்டி, நாற்பத்தைந்து வரை போய், அதற்கு மேல் என்னால் ஆகாது என்று முனகியது. கட்டைவிரல் விசையை எவ்வளவு அழுத்தினாலும் முனகல்தான் கூடியது, வேகம் கூடவில்லை. ஆறு வருஷமாக ஒரு தும்மல் கூடப் போடாத இன்ஜின், நீ கடிதம் எழுதிய வாரத்தில் ஏன் முனக வேண்டும்? எனக்கு அப்போதே பொறி தட்டியது. கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பவிலா கையை ஆட்டிக் கூப்பிட்டான்.

“என்ன மச்சான், வண்டி இழுக்கலையா?”

“நல்லாத்தான் இழுக்குது.”

“கொடுத்துடு மச்சான். உன் பல்லு போன மாதிரியே அதுக்கும் போயிடுச்சு. எங்கிட்ட வந்தா மெல்ல வேண்டாத சாப்பாடா போட்டுப் பார்த்துக்குவேன்.”

உன் கடிதத்தில் இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. உன் அம்மாவிடமும் நான் சொல்லவில்லை; கடிதத்தை என் பூட்ஸுக்குள் வைத்திருந்தேன். ஆனால் என் பூட்ஸை இரவெல்லாம் அடுப்புக்கு மேல் காயப்போடுகிறவள் யார்? யோசித்துப் பார்.

அன்றிலிருந்து நான் கவனிக்க ஆரம்பித்தேன். படிக்கக் கற்றுக்கொண்டதில் இது ஒரு லாபம், எதையும் எழுதி வைக்கலாம். திங்கள் முதல் வியாழன் வரை மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை பெரியவர்களுக்கான வகுப்பு என்பது உனக்குத் தெரியும். போகும்போது, வண்டி ஓடிய மைலைக் காட்டும் எண்ணைப் பார்த்துக் கையில் எழுதிக்கொண்டு போனேன். திரும்பி வந்து பார்த்தால் இருபத்தெட்டு மைல் கூடியிருக்கிறது! வண்டி நிறுத்திய இடத்திலேயே, போர்த்திய தார்ப்பாய்க்குள்ளேயே இருபத்தெட்டு மைல் ஓடியிருக்கிறது. பெட்ரோல் தொட்டியில் ஒரு சாண் குறைந்திருக்கிறது. உன் அம்மாவிடம் கேட்டேன்.

“கொட்டகைப் பக்கம் யாராவது வந்தாங்களா?”

“காத்து வந்துச்சு,” என்றாள்.

“காத்து பெட்ரோல் குடிக்குமா?”

“குளிருக்கு எல்லாரும் எதையாவது குடிக்கத்தான் செய்வாங்க,” என்று சொல்லிவிட்டு மீனைத் திருப்பிப் போட்டாள். கன்னம் சிவந்திருந்தது.

திருடனைப் பிடிக்க ஒரு வழி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வண்டியின் இருக்கை முழுக்க மெல்லிசாகக் கோதுமை மாவு தூவிவைத்தேன். யார் உட்கார்ந்தாலும் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் கோயில் மணி அடித்தவுடன் அவசரத்தில் நானே அதில் ஏறிப் போய்விட்டேன். பூசை முழுக்க எனக்குப் பின்னால் இருந்த வரிசை குலுங்கிக்கொண்டே இருந்தது. அழுகிறார்கள், நல்ல பூசை என்று நினைத்தேன். வெளியே வந்ததும் பவிலா எல்லோருக்கும் கேட்கும்படி, “பாருங்கப்பா, வாசிலிக்கு மட்டும் பின்பக்கமாப் பனி பெய்ஞ்சிருக்கு!” என்றான். பாதிரியார் கூடத் தாடிக்குள் சிரித்தார். உன் அம்மா மாவு வீணாகப் போனதற்காக மட்டும் என்னை முறைத்தாள்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு நாள் ஆசிரியைக்கு இருமல் அதிகமாகி, எங்களை அரை மணி நேரத்திலேயே அனுப்பிவிட்டார். அது நட்சத்திர வாரத்துக்கு அடுத்த வாரம், உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் என்று இப்போது கணக்குப் பார்க்கிறேன். நான் வீட்டுப் பாதையில் திரும்பும்போது கொட்டகைக் கதவு படீரென்று சாத்தியது. உள்ளே இருந்து உன் அம்மா வந்தாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். “என்ன சீக்கிரம் வந்துட்டீங்க?” என்று கேட்ட குரலில் வரவேற்பு இல்லை. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே நான் வகுப்பை ஒரு வாரத்துக்கு நிறுத்திவிட்டு, கொட்டகையில் வண்டிக்குப் பக்கத்தில் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து காவல் காத்தேன். சும்மா உட்காராமல், வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஆறு வருஷமாக அதைக் கதவு ஆடாமல் இருக்க அடியில் சொருகி வைத்திருந்தேன் என்பது உனக்குத் தெரியும். மகளே, என்ன அருமையான புத்தகம்! ஒரு பொய் இல்லை, ஒரு கேலி இல்லை. ‘இதைக் கழற்று, அதைத் துடை, பிறகு மாட்டு’ என்று மரியாதையாகப் பேசுகிறது. அதில் ஒரு பக்கத்தில் படம் போட்டு எழுதியிருந்தது. இன்ஜின் புகை வெளியே போகிற வாசலில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக, ஒரு தகட்டுக் கதவு இருக்கிறதாம். அதற்கு வால்வு என்று பெயர். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அது பாதி மூடியிருக்கும். வேகமாகச் சுற்றும்போது புகையின் அழுத்தம் ஒரு ரப்பர் உறையை ஊதி, கதவை மேலே தூக்கிவிடும். அப்போதுதான் முழு பலம் வரும். எண்ணெய் எரிந்த கரி அதில் பிசினாக ஒட்டிக்கொண்டால் கதவு திறக்காது, வண்டி முனகும். ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு முறை! நான் ஆறு வருஷத்தில் ஒரு முறை கூடச் செய்ததில்லை. இந்த ஆற்றங்கரையில் எல்லோரும் வால்வைக் கழற்றிக் கரி சுரண்டிக்கொண்டிருக்கும்போது, என் கைராசி அப்படி, என் வண்டிக்கு அதெல்லாம் தேவையில்லை என்று நான் சொல்லிவந்ததும், எல்லோரும் பொறாமைப்பட்டதும் உனக்குத் தெரியும். அதே பக்கத்தின் ஓரத்தில் இன்னொன்றையும் பார்த்தேன். கடல்நாய் எண்ணெய்க் கையால் புரட்டிய பெருவிரல் தடம். ஒரு மீன் செதில் வேறு ஒட்டிக் காய்ந்திருந்தது. எனக்கு முன்பே யாரோ இந்தப் பக்கத்தைப் படித்திருக்கிறார்கள்! கதவு அடியில் இருந்த புத்தகத்தை எடுத்து, படித்து, மறுபடி கதவு அடியில் சொருகியிருக்கிறார்கள். பவிலா எப்போதும் காய்ந்த சால்மன் மீனை அந்த எண்ணெயில் தோய்த்துத் தின்றுகொண்டே நடப்பவன் என்பதை இங்கே குறித்துக்கொள்.

புத்தகம் சொன்னபடியே கம்பிக் கொக்கியைத் தள்ளி, மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கை எடுத்து, இடது பக்கத்து வால்வை வெளியே இழுத்தேன். சுலபத்தில் வரவில்லை. வந்தபோது அடுப்புக் கரண்டி மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக வந்தது. சரி, ஆறு வருஷக் கரி. பிறகு வலது பக்கத்தை இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது. பளபளவென்று, கோயில் விளக்கு மாதிரி! முகம் பார்க்கலாம், பார்த்தேன். ஒரே இன்ஜினில் ஒன்று கரி, ஒன்று கண்ணாடி. யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். அது மட்டுமா? பளபளப்பான வால்வின் ரப்பர் உறையை இறுக்கிப் பிடிக்க ஒரு சின்ன ஸ்பிரிங் வளையம் இருக்க வேண்டும் என்று படத்தில் இருக்கிறது. அது இல்லை. அதற்குப் பதிலாக அங்கே நரம்புநூல் சுற்றியிருந்தது. காரிபூ மானின் முதுகு நரம்பைப் பிரித்து முறுக்கிய நூல், பதினான்கு சுற்று, முடிச்சின் நுனி வெளியே தெரியாமல் உள்ளே செருகியிருந்தது. என் பூட்ஸைக் கழற்றிப் பார்த்தேன். அதே சுற்று, அதே முடிச்சு. இந்த ஆறு முழுக்க அந்த முடிச்சைப் போடுகிறவள் ஒருத்திதான். அவள் அந்த நேரத்தில் சமையலறையில் பாடிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் விளங்கிவிட்டது. வால்வு திறந்தால்தான் பலம். திறக்கவிடாமல் கட்டிப்போட்டால் பலம் இல்லை. பலம் இல்லாவிட்டால் வண்டி வெளியில் நிற்கும். நின்றால் உன் கட்டளைப்படி பவிலாவுக்குப் போகும். திட்டம் அவனுடையது, நூல் இவளுடையது. என் இன்ஜினின் கழுத்தை என் பெண்டாட்டியே நரம்புநூலால் நெரித்திருக்கிறாள்!

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் குற்றவாளிகள் உஷாராகிவிடுவார்கள். கறுத்த வால்வைச் சுரண்ட ஏற்றதாக எதுவும் கிடைக்காததால், உன் அம்மா கோயிலைக் கூட்டப் போன நேரமாகப் பார்த்து அவள் மீன் அறுக்கிற பிறைக்கத்தியை எடுத்துவந்தேன். அந்த வளைவு வால்வுக்கென்றே செய்தது போல இருந்தது. பெட்ரோலில் ஊறவைத்து, கத்தியால் சுரண்டி, பழைய காலுறையால் துடைத்து, பளபளப்பாக்கி, கத்தியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அன்று சாயங்காலம் சாப்பிட்ட மீன் கசந்தது. பெட்ரோல் வாடை அடித்தது. உன் அம்மா என் தட்டில் மட்டும் போட்டுவிட்டு, தான் வெறும் கெட்டி பிஸ்கட்டும் தேநீரும் சாப்பிட்டாள். “ஏன் நீ மீன் சாப்பிடல?” என்றேன். “இன்னிக்கு இது உங்களுக்குன்னே அறுத்தது,” என்றாள். நீ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், விஷத்தைப் பற்றி உனக்குத் தெரியும்.

மறுநாள் பவிலாவை விசாரிப்பதென்று முடிவு செய்தேன். அவன் தப்பிக்க முடியாத ஒரே இடம் ஆவிக்குளியல் கொட்டகை. காது வேகாமல் இருக்க ஆளுக்கொரு கம்பளிக் குல்லாயை மாட்டிக்கொண்டு, வேறொன்றும் மாட்டிக்கொள்ளாமல், கல் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தோம். தண்ணீர் அகப்பை என் கையில்.

“உண்மையைச் சொல்லு மச்சான். என் வண்டியில கை வெச்சது யாரு?” என்று ஓர் அகப்பை ஊற்றினேன்.

“சொல்றேன். உன் பொண்டாட்டி.”

அவ்வளவு சுலபமாகச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்தது. குற்றவாளி கூட்டாளியை அப்படியா காட்டிக்கொடுப்பான்? இன்னொரு அகப்பை ஊற்றினேன். “விளையாடாத. யாரு ஓட்டினது?”

“அதான் சொல்றேனே. நீ பள்ளிக்கூடத்துல எழுத்துக் கூட்டிக்கிட்டு இருக்கறப்ப, ஒலிங்கா ஆத்துல பறக்கறா. கருமீன் பிடிக்க வெச்ச கூட்டைப் பார்க்கப் போறேன்னு கிளம்பி, அந்தக் கோடி வளைவு வரைக்கும் ஒரு சுத்து. போன வாரம் அவ வந்த வேகத்துல என் நாய் கூரை மேல ஏறிடுச்சு. நான்தான் ஏணி வெச்சு இறக்கினேன்.”

“முழங்கால் வலின்னு மாடிப்படி கூட ஏறாதவ!”

“வண்டியில முழங்காலுக்கு என்ன வேலை? விசையை அழுத்தற கட்டைவிரலுக்குத்தானே வேலை.”

“அப்ப வால்வைக் கட்டினது?”

“ஆறு வருஷமா அவதானே உன் வால்வைக் கவனிச்சுக்கறா. நீ ராசி ராசின்னு ஊரெல்லாம் அளக்கறப்ப நாங்க எல்லாரும் எவ்வளவு கஷ்டப்பட்டுச் சிரிப்பை அடக்கினோம் தெரியுமா? இப்ப தண்ணி ஊத்து மச்சான், குளிருது.”

இப்படிப் புளுகுகிறவனை என்ன செய்வது? கோபித்துக்கொள்ளவும் முடியாது. மூன்றாவது அகப்பையை முழுசாகக் கல் மேல் ஊற்றினேன். அந்த ஆவி நேராக அவனிடம் போகாமல் என்னிடம் வந்தது. குல்லாயோடு வெளியே ஓடிப் பனியில் உட்கார்ந்தவன் நான்தான். உள்ளேயிருந்து அவன், “விசாரணை முடிஞ்சுதா மச்சான்?” என்று கேட்டது மூன்று வீட்டுக்குக் கேட்டது.

ஆகவே என் முடிவை நானே எடுத்தேன். இன்று காலை அந்த நரம்புநூலை அறுத்து எடுத்துவிட்டேன். வால்வுக்கு விடுதலை. இரண்டையும் புத்தகத்தில் உள்ளபடி, நுனியின் சாய்வு பார்த்து, மாட்டி மூடிவிட்டேன். அந்த நூலைத் துப்பாக இந்தக் கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். பத்திரமாக வை. உன் அம்மா தொலைபேசியில் உன்னிடம் மாமியாரிடம் பேசுவது போலப் பயபக்தியோடுதான் பேசுவாள், மயங்கிவிடாதே. முடிச்சைப் பற்றிக் கேட்டுப் பார், குரல் நடுங்கும். நாளைக் காலை நான் தன்னந்தனியாக ஓடைக்கு அப்பால் போய், ஒரு சறுக்கு நிறைய விறகு கொண்டுவரப் போகிறேன். வண்டி நிற்காது. திரும்பி வந்து, கடிதத்தைத் தபால் நிலையத்தில் கொடுக்காமல் (அங்கே இருப்பவள் உன் அம்மாவின் தங்கை), நேராகத் தபால் விமான ஓட்டியின் கையில் கொடுப்பேன்.

நீ சுகமாக இரு. உன் பல்லும், நீ பார்க்கிறவர்கள் எல்லோருடைய பல்லும் அசையாமல் இருக்கட்டும். உன் தட்டில் எப்போதும் மீன் இருக்கட்டும், அதில் எண்ணெய் இருக்கட்டும், அதில் பெட்ரோல் இல்லாமல் இருக்கட்டும். என் அம்மாவாகிய உனக்கு என் பணிவு. என் மகளாகிய உனக்கு என் முத்தம்.

யாருக்கும் வண்டியைக் கொடுக்காத,
வாசிலி

பின்குறிப்பு: இது அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் எழுதுவது. மேலே எழுதியதில் ஆற்றைப் பற்றியும் விறகைப் பற்றியும் சொன்னது மட்டும் சரி. மீதியைப் படித்திருந்தால் மறந்துவிடு.

போகும்போது வண்டி சிங்கம் மாதிரி போனது. ஐந்து மைல் வரைக்கும் எழுபதுக்குக் குறையவில்லை. நான் பாடிக்கொண்டே போனேன். விறகு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, ஓடைக்கரை ஏற்றத்தில் பாதியில் ஒரு முனகல், ஒரு தும்மல், அவ்வளவுதான். சறுக்கு பின்னால் இழுக்க, வண்டியும் நானும் விறகும் வந்த வழியே வழுக்கிக்கொண்டு கீழே வந்து, மூன்று பேரும் பனிக்குள் உட்கார்ந்துவிட்டோம். மூன்று தடவை முயன்றேன், மூன்று தடவையும் பாதியில் பலம் போயிற்று. உன் கடிதத்தை நினைத்துக்கொண்டேன். விறகின் மேல் ஏறி உட்கார்ந்து, பவிலாவுக்குப் பின்னால் மூட்டையாகப் போவதற்குப் பழகிக்கொண்டிருந்தேன்.

சுமார் ஒரு மணி நேரத்தில் ஆற்றுப் பக்கம் ஒரு வண்டிச் சத்தம் கேட்டது. பவிலாவின் வண்டி, நான் இன்னும் திரும்பவில்லையே என்று தேடி வந்தது. ஆனால் அதை ஓட்டிவந்தது உன் அம்மா. பவிலா பின்னால், அவள் இடுப்பு வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கரை இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கவே இல்லை. நிறுத்திய பிறகும் அவன் கண்ணைத் திறக்கச் சிறிது நேரம் ஆயிற்று.

அவள் நேராக வந்து என் வண்டியின் மூடியைத் தூக்கி, வலது பக்கத்து வால்வைக் கழற்றினாள். எனக்குப் புத்தகத்தோடு ஒரு காலை நேரம் ஆன வேலை. அவள் தேநீர் ஆறுவதற்குள் செய்தாள். ரப்பர் உறை நழுவி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“நூல் எங்க?” என்றாள்.

“எந்த நூல்?”

“நான் கட்டின நூல். வளையம் தொலைஞ்சுபோச்சுன்னு கட்டினேனே, அது.”

“அறுத்துட்டேன்.”

“எதுக்கு?”

“துப்புக்கு,” என்றேன். பவிலா விறகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்குவது தெரிந்தது.

“அன்னிக்கு நீங்க அரை மணி நேரத்துல வகுப்பு முடிஞ்சு வந்து நின்னீங்க. ஒண்ணைத்தான் சுத்தம் பண்ணியிருந்தேன். அவசரத்துல வளையம் கையிலேருந்து துள்ளி எங்கயோ விழுந்துடுச்சு. அடுத்ததை நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப்போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன்; அதுக்குள்ள நீங்க பெட்டியைப் போட்டுக் காவல் உக்காந்துட்டீங்க. யாருகிட்டேயிருந்து காவல்?”

“உங்கிட்டேயிருந்துதான்.”

“ஆறு வருஷமா யாரு சுத்தம் பண்றான்னு நினைச்சீங்க?”

“நல்ல வண்டி, தானா ஓடுதுன்னு நினைச்சேன்.”

“தானா,” என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன மாதிரி எழுத இன்னும் எனக்குத் தெரியவில்லை.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொல்லி? ஊர் முழுக்கக் கைராசின்னு நீங்க சொல்லி வெச்சிருக்கீங்க. அதுல நான் எங்க உள்ள நுழையறது? அதோட, சொன்னா வண்டிச் சாவியை எங்க வெப்பீங்களோ, யாருக்குத் தெரியும்? எனக்கும் கோடி வளைவு வரைக்கும் போயிட்டு வர வேணாமா?”

சட்டைப் பைக்குள் இருந்த இந்தக் கடிதத்தை எடுத்து, அதிலிருந்து நூலைப் பிரித்துக் கொடுத்தேன். வாங்கி வாயில் போட்டு, மென்று பதமாக்கி, உறையைப் பொருத்திச் சுற்றினாள். பதினான்கு சுற்று வரவில்லை, அறுத்ததில் குறைந்துபோய் ஒன்பதுதான் வந்தது. ஒன்பதே போதுமானதாக இருந்தது. சுற்றும்போதே, “அது என்ன காகிதம்?” என்று கேட்டாள். மகளுக்குக் கடிதம் என்றேன். “எவ்வளவு பக்கம்!” என்றாள். படிக்கக் கேட்பாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. ஆனால் இன்று காலை என் பூட்ஸுக்குள் கடிதம் நான் மடித்த மாதிரி மடிந்திருக்கவில்லை. மீனைப் பற்றி எழுதிய இடத்தில் எண்ணெய் விரல் தடம் ஒன்று இருக்கிறது, பார்த்துக்கொள். காலையில் நல்ல மீனாகவே வைத்தாள்.

ஆகவே உனக்குத் தெரிவிப்பது: இத்துடன் நூல் இணைக்கப்படவில்லை. அது வண்டியில் இருக்கிறது. பவிலாவைப் பற்றி நான் எழுதியது எல்லாம் தப்பு, அவன் ஆவிக்குளியலில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, நாய் கூரையில் ஏறியது உட்பட. ஏணியை நானே போய்ப் பார்த்தேன். ஆனால் இதை அவனிடம் நீ சொல்ல வேண்டாம். இனி உண்மையே பேச ஆரம்பித்துவிட்டால் அவனோடு எப்படிப் பழகுவது?

வண்டி என்னைத் தனியாக வெளியில் நிறுத்திவிட்டது. நான் மறைக்கவில்லை. தாயாருக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறவன் நான் இல்லை. வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கச் சொன்னாய், கொடுத்துவிட்டேன். அவள் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறாள், நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். மூட்டையாக இல்லை, இருக்கையில்தான். நேற்று விறகோடு அப்படித்தான் வீடு வந்தோம். மகளே, எழுபதுக்கு மேலும் அந்த வண்டியில் எண்கள் இருக்கின்றன என்பதை நான் நேற்றுதான் படித்தேன். ஆற்று வளைவில் “மெதுவா, மெதுவா!” என்று என் தொண்டை கிழியக் கத்தினேன். அவள் திரும்பக்கூட இல்லை. வேண்டுமென்றே செய்கிறாள் என்று முதலில் சந்தேகப்பட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டால், ஒன்றுமே கேட்கவில்லையாம். பின்னால் இருப்பவர் பேசுவதையெல்லாம் காற்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நாற்பது வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவள் எவ்வளவு பேசியிருப்பாள்! அதெல்லாம் என்னவாக இருக்கும் என்று இன்று காலை கேட்டேன். “அவ்வளவையுமா இப்ப சொல்ல முடியும்?” என்று சிரித்தாள். பிறகு ஒன்றே ஒன்று மட்டும் சொன்னாள்: “பாதி நேரம், என்னையும் ஓட்ட விடுங்கன்னுதான்.”